முதலில் ஒரு தராசு வாங்கு

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். என் முழங்கால் பரவாயில்லை, மாடி ஏறும்போதுதான் தொல்லை.

நீ நாணயம் சேர்க்க ஆரம்பித்திருக்கிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பள்ளியில் என் தபால்தலை ஆல்பத்தைக் காகிதக் குப்பை என்று கேலி செய்தவனல்லவா நீ!

எதில் தொடங்குவது, போலிக் காசை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். பூதக்கண்ணாடி பிறகு இருக்கட்டும், முதலில் 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு வாங்கு. விட்டம் அளக்க ஒரு காலிப்பரும் வேண்டும். காசில் இருக்கும் ஆண்டை மட்டும் நம்பிவிடாதே. ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் முகம் போட்ட தாலர் என்ற வெள்ளிக்காசில், அவர் இறந்த பிறகு அடித்தவை எல்லாவற்றிலும் 1780 என்றுதான் இருக்கும். அரசி இறந்ததே அந்த ஆண்டில்தான். ஆனால் செங்கடல் கரை வணிகர்கள் அந்த முகத்துக்கே பழகிப்போனதால், வியன்னாவில் மட்டுமல்ல, 20ஆம் நூற்றாண்டில் ரோம், லண்டன், பம்பாயில்கூட அதே ஆண்டோடு அடித்தார்கள். 'இருநூறு வருடப் பழசு' என்று ஒருவன் நீட்டினால் அவசரப்படாதே.

அதன் எடை 28.07 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 833 பங்கு. தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து பூஜ்யமாக்கு. காசை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க அமிழும்படி தொங்கவிடு. தராசு இப்போது 2.75 கிராம் அளவில் காட்ட வேண்டும். எடையை அதால் வகுத்தால் 10.2 வரும், அந்தக் கலவையின் அடர்த்தி அதுதான். பித்தளையில் செய்த போலி என்றால் எட்டரை அளவில் நின்றுவிடும். காந்தம் ஒட்டினால் அது வெள்ளியில்லை, ஆனால் ஒட்டாததால் வெள்ளி என்றும் ஆகிவிடாது. செம்பும் ஈயமும்கூட ஒட்டாது.

இயந்திரத்தில் அடித்த காசு தேய்ந்து எடை கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு. தேய்ந்த காசு கூடுதல் எடை காட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். விளிம்பையும் சுற்றிப் பார். அச்சில் அடிக்காமல் வார்த்தது என்றால் அங்கே ஒரு கோடோ, அரம் போட்டு அதை மறைத்த தடமோ இருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் தெரியும்.

புரியாத ஆண்டுகளைக் கண்டு மிரளாதே. தாய்லாந்துக் காசில் 2500 என்றிருந்தால் 543ஐக் கழி, 1957. ஜப்பானில் பேரரசரின் ஆட்சியாண்டு போடுவார்கள்; மெய்ஜி 30 என்றால் 1897. இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எதையும் தேய்த்துப் பளபளப்பாக்காதே. எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். மேல்பரப்பு ஒருமுறை போனால் போனதுதான், சேகரிப்பவர்கள் அதை எளிதில் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்கள். பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறைகளையும் தவிர்த்துவிடு. நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும், காசையும் அரிக்கும். காசை எப்போதும் விளிம்பில் பிடி.

வாங்கும்போது, கேட்கிற விலையைப் பார்க்காதே. ஏலங்களில் அதே ரகம், அதே நிலையில் என்ன விலைக்குப் போனது என்று பார். 'அரிய பிழைக் காசு', அதாவது அச்சடிக்கும்போதே தவறிப்போனது, என்று விற்பதில் பாதிக்கு மேல் யாரோ சுத்தியலால் தட்டியவை என்பது என் எண்ணம். தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்று தரம் குறித்து மூடிய பெட்டியில் அடைத்து வந்தாலும், சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு காசை ஒப்பிட்டுப் பார்; பெட்டியிலும் போலி உண்டு. திருப்பி வாங்கமாட்டேன் என்பவனிடம் பேச்சே வேண்டாம்.

நீ எழுதியிருந்த அந்த அரபு எழுத்துக் காசை, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து இரு முகமும் விளிம்பும் தெரியப் படமெடுத்து அனுப்பு. எடையும் விட்டமும் சேர்த்து எழுது. அதுவரை யார் கேட்டாலும் விற்றுவிடாதே.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
மணி