தளத்தை மாற்றித் தருகிறோம் என்று சொல்லி ஆர்டரையும் மெயிலையும் தமிழையும் தொலைத்தது பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: எங்கள் கடையின் இணையதளத்தை உங்கள் ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளம் குடியிருக்கும் சர்வர் சேவைக்கு, மாற்றியதில் நடந்த குளறுபடி, இழப்பீடு, நீங்கள் இனி செய்து தர வேண்டிய வேலைகள்

வணக்கம்.

சனிக்கிழமை காலையில், என்னிடம் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல், எங்கள் தளத்தை உங்கள் சர்வருக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். அன்று மதியத்திலிருந்து நடந்ததை உங்கள் சாட்டில் வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது, ஆளும் மாறுகிறார், டிக்கெட்டும் மூடப்படுகிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே கடிதமாக எழுதுகிறேன். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று தொடங்கும் அச்சடித்த பதிலை அனுப்பாதீர்கள். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பதில் எழுத வேண்டும்.

நாங்கள் பவானியில் இருந்து ஜமக்காளமும் போர்வையும் விற்கிறவர்கள். தறிக்காரக் குடும்பங்களிடம் நேரடியாக வாங்கி ஆன்லைனில் விற்கிறோம், வீட்டுச் சாப்பாடு இதிலிருந்துதான். தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் மென்பொருளில், கடைப் பகுதி அதோடு சேரும் வூகாமர்ஸில், பொருளின் பெயர், விவரம், வாங்குபவர் நிரப்பும் படிவம் எல்லாம் தமிழில். கல்யாண முகூர்த்தம் நிறைய வரும் மாதம் இது, வார இறுதியில்தான் விற்பனை அதிகம். அது தெரிந்துதான் செவ்வாய்க்கிழமை நள்ளிரவு 1 மணிக்கு மேல் மாற்றுங்கள் என்று எழுத்தில் கேட்டேன், நீங்களும் "சரி" என்று எழுத்தில் பதில் தந்தீர்கள். அந்த மெயில் என்னிடம் இருக்கிறது.

தளத்தை இடம் மாற்றும்போது கொஞ்ச நேரம் கூட நிற்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கடைசி முறையாக டேட்டாபேஸை (பொருள் விவரமும் ஆர்டரும் இருக்கும் தரவுத்தளம்) எடுத்து ஏற்றும் அந்தச் சில நிமிடங்களுக்குக் கடையை மூடித்தான் ஆக வேண்டும், 503 என்று பதில் தரும் பராமரிப்புப் பக்கத்தைப் போட்டால் கூகிளும் அதைத் தற்காலிகம் என்று எடுத்துக்கொள்ளும். நான் கேட்டது வரிசை. முதலில் ஃபைல்களையும் டேட்டாபேஸையும் நகலெடுப்பது, என் கணினிக்கு மட்டும் தளத்தின் முகவரியை மாற்றிக் காட்டும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் உங்கள் சர்வரின் எண் முகவரியான ஐபியைப் போட்டு, ஊருக்குத் தெரியாமல் நான் மட்டும் புதிய தளத்தைப் பார்த்து, ஒரு சோதனை ஆர்டர் போட்டு, சரி என்று சொல்வது, அப்புறம் பழைய கடையை மூடி மிச்சத்தை ஏற்றி, கடையின் இணையப் பெயரான டொமைன் எந்த ஐபிக்குப் போகும் என்று சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுவது. இதற்காக ஒரு வாரம் முன்பே பழைய ஹோஸ்டிங்கின் பேனலில் ஏ ரெக்கார்டின் டிடிஎல்லை, அதாவது அதை மற்ற சர்வர்கள் ஞாபகம் வைத்திருக்கும் நேரத்தை, 14400 நொடியிலிருந்து 300 நொடியாக நானே குறைத்து வைத்திருந்தேன். நாலு மணி நேரம் பழைய முகவரியை ஞாபகம் வைத்திருக்கிற ரிசால்வர்கள் (டொமைனின் முகவரியைத் தேடித் தரும் சர்வர்கள்) ஐந்து நிமிடத்தில் புதியதைக் கேட்டு வரும். அதையும் உங்களுக்கு எழுதியிருந்தேன்.

நீங்கள் ஏ ரெக்கார்டைத் தொடவே இல்லை. டொமைன் உங்களிடம் பதிவாகியிருப்பதால் டொமைனின் எல்லா ரெக்கார்டுகளையும் வைத்துப் பதில் சொல்லும் நேம்சர்வரையே உங்களுடையதாக மாற்றிவிட்டீர்கள். நான் குறைத்து வைத்த 300 நொடி ஒன்றுக்கும் உதவாமல் போனது அங்கேதான். டாட் காம் டொமைன்களுக்கு எந்த நேம்சர்வர் என்று சொல்லும் பதிவை மேலே இருக்கிற டாட் காம் சர்வர்கள் 172800 நொடி டிடிஎல்லோடு தருகின்றன, அதாவது இரண்டு நாள். அதில் என்னால் எதையும் குறைக்க முடியாது. நேம்சர்வரை மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் வழி இருந்தது. பழைய ரெக்கார்டுகளை எல்லாம் அப்படியே உங்கள் சோனில் (எங்கள் டொமைனுக்கு நீங்கள் வைக்கும் ரெக்கார்டுப் பட்டியல்) ஏற்றி, பழைய ஐபியையே காட்டவிட்டு, நேம்சர்வரை மாற்றி, இரண்டு நாள் கழித்து ஏ ரெக்கார்டை மட்டும் திருப்பியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஹோஸ்டிங் நிறுவனம் நடத்துகிற உங்களுக்கு இதை ஜமக்காளம் விற்கிற நான் எழுதிக்காட்ட வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதன் விளைவுக்கு வருகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாதி ஜனம் பழைய தளத்துக்கும் பாதி ஜனம் புதிய தளத்துக்கும் போனார்கள், ஒரே வீட்டில் பிராட்பேண்டில் ஒன்றும் கைபேசியில் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு கடையும் திறந்தே இருந்தன, இரண்டும் ஆர்டர் வாங்கின. இரண்டு டேட்டாபேஸும் ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியதால் ஒரே ஆர்டர் எண் மதுரையில் ஒருவருக்கும் கோயம்புத்தூரில் இன்னொருவருக்கும் போயிருக்கிறது. மதுரைக்காரர் பழைய தளத்தில் பணம் கட்டினார். பணம் வந்துவிட்டது என்று, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே அனுப்பிய தகவல் புதிய தளத்துக்கு வந்து, அங்கே பணமே கட்டாமல் பாதியில் விட்ட கோயம்புத்தூர்க்காரரின் ஆர்டரைப் பணம் வந்ததாகக் குறித்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கு ஜமக்காளம் கேட்ட மதுரைக்காரர் "காசு எடுத்துட்டீங்க, ஆர்டரே இல்லைங்கிறீங்க" என்று போனில் சத்தம் போட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இது மாதிரி எத்தனை இருக்கிறது என்று கேட்வேயின் பட்டியலையும் இரண்டு டேட்டாபேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னும் சரிபார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மெயில் கதை வேறு. எங்கள் மெயில் உங்களிடமும் இல்லை, பழைய ஹோஸ்டிங்கிலும் இல்லை, அது தனியாக வேறொரு சேவையில் இருக்கிறது, மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு அங்கேதான் காட்டும். உங்கள் சோனில் நீங்கள் எல்லோருக்கும் போடுகிற டெம்ப்ளேட்டை எங்களுக்கும் போட்டுவிட்டதால் எம்எக்ஸ் உங்கள் வெப் சர்வரையே காட்டியது, அங்கே எங்கள் பெயரில் பெட்டியே கிடையாது. வந்த மெயிலை எல்லாம் உங்கள் சர்வர் 550 என்று, அதாவது அப்படி ஒரு முகவரியே இல்லை என்று, திருப்பி அனுப்பியிருக்கிறது. சர்வர் பதிலே சொல்லாமல் கிடந்திருந்தால் கூடப் பரவாயில்லை, அனுப்பிய சர்வர்கள் சில நாள் வரை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், மெயில் தாமதமாகவாவது வந்து சேரும். 550 என்றால் அந்த நிமிடமே முடிந்தது. மெயில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டுகளும் போய்விட்டதால் நாங்கள் அனுப்பிய மெயில்கள் ஸ்பேமில் விழுந்தன. மொத்தமாக வாங்குகிற ஒரு கல்யாண மண்டபக்காரர், மெயில் திரும்பி வந்ததைப் பார்த்துக் கடையை மூடிவிட்டோமோ என்று நினைத்து வேறு இடத்தில் வாங்கிவிட்டார்.

தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் பற்றி அதிகம் எழுதவில்லை. டிஎன்எஸ்ஸில், அதாவது இந்த ரெக்கார்டுகள் எல்லாம் இருக்கும் அமைப்பில், டிஎக்ஸ்டி என்ற ஒரு ரெக்கார்டைப் போட்டுத் தளத்தைத் திருப்பும் முன்பே லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்கலாம், அல்லது பழைய சான்றிதழையே எடுத்து வைக்கலாம். இரண்டையும் செய்யாததால் சனிக்கிழமை முழுக்கப் புதிய தளத்துக்கு வந்தவர்களுக்குப் பிரவுசரின் எச்சரிக்கைப் பக்கம்தான் தெரிந்தது. கடையை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பேச்சு பரவியது.

இதையெல்லாம் கூட ஒருவழியாக விழுங்கியிருப்பேன். தமிழுக்கு நீங்கள் செய்ததை விழுங்க முடியவில்லை.

எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தால் தளம் முழுக்கக் கேள்விக்குறி. 'பவானி ஜமக்காளம்' என்று இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறி, ஒரு இடைவெளி, அப்புறம் ஒன்பது கேள்விக்குறி. விலை, நீள அகலம், இடையிடையே இருந்த ஆங்கில வார்த்தைகள் மட்டும் அப்படியே இருந்தன. உங்கள் ஆள் சாட்டில் தந்த பதில்: "சார், உங்கள் கணினியில் தமிழ் ஃபான்ட் இல்லை, இன்ஸ்டால் செய்து பாருங்கள்." ஃபான்ட் இல்லாவிட்டால் எழுத்து இருக்கும் இடத்தில் வெற்றுக் கட்டம் தெரியும். கேள்விக்குறி தெரிகிறதென்றால் எழுத்தே அங்கே இல்லை என்று அர்த்தம். யூனிகோடில் 'பவானி' என்பது ப, வ, கால், ன, இகரக் கொக்கி என்று ஐந்து குறிகள், அதனால்தான் சரியாக ஐந்து கேள்விக்குறி. தமிழ் உட்பட எல்லா எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் இருந்த டேட்டாபேஸை உங்கள் ஸ்கிரிப்ட், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 இணைப்பில் எக்ஸ்போர்ட் செய்திருக்கிறது. லத்தீன்-1இல் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது, இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் எழுதிவிட்டது. அந்த ஃபைலிலிருந்து இனி யாராலும் ஓர் எழுத்தைக் கூட மீட்க முடியாது. மைஎஸ்கியூஎல் 2018இல் 8.0 பதிப்பிலேயே யுடிஎஃப்-8இன் முழு வடிவமான யுடிஎஃப்8எம்பி4ஐ இயல்பாக்கிவிட்டது, நீங்கள் இன்னும் அதற்கு முந்தைய காலத்து ஸ்கிரிப்டை வைத்துத் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களின் தளங்களை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்தது இன்னும் எத்தனை தமிழ்த் தளங்களுக்கு நடந்ததோ.

இதற்கு நடுவில் இன்னொரு சாட் ஆள், வேலை முடிந்துவிட்டது, பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்துவிடலாம் என்று சனிக்கிழமை மாலையே சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டு ரத்து செய்திருந்தால் தறிக்காரர்களோடு உட்கார்ந்து, எந்த ஜமக்காளத்தில் எத்தனை பட்டை, கரையில் எந்த நிறம் என்று கேட்டுக் கேட்டு எழுதிய விவரம் மொத்தமும் போயிருக்கும். மாற்றிய பிறகும் பழைய சர்வரைக் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருப்பது இந்த வேலையின் பாலபாடம். வாடிக்கையாளரிடம் அதை ரத்து செய்யச் சொல்லும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். ஞாயிறு இரவு நானே பழைய சர்வரிலிருந்து சரியான முறையில் எக்ஸ்போர்ட் எடுத்து ஏற்றியதால் தமிழ் திரும்ப வந்தது. அதற்கும் உங்களிடமிருந்து "பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று ஒரு மெயில்! தீர்த்தது நீங்கள் இல்லை.

99.9 சதவீதம் அப்டைம், அதாவது அவ்வளவு நேரம் தளம் ஓடும், என்று உங்கள் முகப்பில் போட்டிருக்கிறீர்கள். 30 நாள் மாதத்தில் அது 43 நிமிடம்தான் நிற்கலாம் என்ற வாக்குறுதி. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பிங்குக்குச் சர்வர் பதில் தந்துகொண்டிருந்தது, ஆகவே இது டவுன்டைம் இல்லை என்று உங்கள் பில்லிங் பிரிவு எழுதியிருக்கிறது. கடைக்குள் யாரும் நுழைய முடியாமலும் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாமலும் இருந்தால் வாங்க வருகிறவருக்கு அது மூடிய கடைதான். எல்லாக் கேள்விக்கும் ப்ராபகேஷன் (டிஎன்எஸ் மாற்றம் எங்கும் பரவ ஆகும் நேரம்), 48 மணி நேரம் பொறுங்கள் என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. எம்எக்ஸ் தொலைந்ததற்கும், தமிழ் அழிந்ததற்கும், பழைய கடையை மூடாமல் விட்டதற்கும் ப்ராபகேஷனா காரணம்?

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். புதிய தளத்தின் சனி, ஞாயிறு டேட்டாபேஸ் பேக்கப்பும் மெயில் சர்வரின் பதிவேடான லாகும் எனக்கு உடனே வேண்டும், எந்தெந்த முகவரியிலிருந்து வந்த மெயில்கள் 550 வாங்கின என்பது அந்த லாகில் இருக்கும், அவர்களை ஒவ்வொருவராக நான் கூப்பிட்டுப் பேச வேண்டும். இரண்டு டேட்டாபேஸிலும் உள்ள ஆர்டர்களைச் சேர்க்கும் வேலைக்கு விவரம் தெரிந்த ஒருவரை ஒதுக்குங்கள், அதற்கு "டேட்டா ரெஸ்டோர் கட்டணம்" என்று நீங்கள் அனுப்பிய பில்லை ரத்து செய்யுங்கள். கட்டிய ஓராண்டுத் தொகையை முழுவதும் திருப்பித் தாருங்கள். செவ்வாய் நள்ளிரவு என்று ஒப்புக்கொண்ட வேலையைச் சனிக்கிழமை காலையில் தொடங்கச் சொன்னது எந்தப் பிரிவு என்று எழுத்தில் தெரிவியுங்கள். அந்த ஸ்கிரிப்டையும் திருத்துங்கள், திருத்தியதை எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

தொழிலுக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று உங்கள் ஆள் போனில் சொன்னார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துகிறவர் அதற்காகவே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கமே கொடுத்திருக்கிறது, சேவைக்கும் அதே நியாயம் பொருந்த வேண்டும் என்பது என் வாதம். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் ஈரோடு மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணமும் கிடையாது. 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்யப் போகிறேன், நீங்கள் பதில் தருவதைப் பொறுத்து அடுத்தது.

பழைய சர்வர் இந்த மாதக் கடைசி வரைதான் இருக்கும். ஆர்டர்களைச் சேர்க்கும் வேலை அதற்குள் முடிய வேண்டும், ஆகவே பேக்கப்பையும் லாகையும் நாளை மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். இனி என் அனுமதி எழுத்தில் இல்லாமல் எங்கள் டிஎன்எஸ்ஸில் ஒரு ரெக்கார்டைக் கூட யாரும் தொடக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பவானி, ஈரோடு மாவட்டம்