படத்துக்குக் கீழே பாகன் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், யானையின் துதிக்கையில் சாய்ந்து நிற்கும் ஒரு பெரியவரின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். அருமையான படம், என் மகள் வெட்டி எடுத்துப் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறாள். ஆனால் கீழே ‘மனிதனும் யானையும்’ என்று மட்டும் இருக்கிறது. எடுத்தவர் பெயர் ஓரத்தில் இருக்கிறது, நிற்கிறவருக்குப் பெயர் இல்லை, யானைக்கும் இல்லை.

உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. கனடாக்காரர் கிரெகரி கோல்பர்ட் இந்தியா, இலங்கை, பர்மா, எகிப்து என்று பல வருஷம் சுற்றி, மனிதர்களும் விலங்குகளும் சேர்ந்திருப்பதைப் படமும் திரைப்படமுமாக எடுத்தார். 2002இல் வெனிஸில் தொடங்கிய ‘ஆஷஸ் அண்ட் ஸ்னோ’ கண்காட்சி அதுதான். 2005இல் நியூயார்க்கில், ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டிய கூடத்தில் அதை வைத்தார்கள். அதில் ஒரு சிறுவன் யானைக்கு முன்னால் உட்கார்ந்து புத்தகம் படிப்பான். கணினியில் எதையும் ஒட்டிச் சேர்க்கவில்லை என்று கோல்பர்ட் சொல்லியிருக்கிறார், அதை நான் நம்புகிறேன். பார்க்கிறவர்கள் தாங்களாகவே உணரட்டும் என்று படங்களுக்கு விளக்கக் குறிப்பே வைக்கவில்லை. சரி, கண்காட்சிக் கூடத்தில் அது கலைஞரின் விருப்பம். ஆனால் ஒரு யானை ஒரு பிள்ளைக்கு எதிரில் அசையாமல் இருக்கிறது என்றால், அதைப் பழக்கிய ஆள் ஒருவர் பக்கத்திலேயே எங்கோ நிற்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரைச் சொல்லாமல் விட்டால் அந்த நெருக்கம் வானத்திலிருந்து விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது.

நான் கூடலூர்க்காரன். முதுமலையில் இருக்கும் தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதை எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன். கேழ்வரகுக் களியையும் வேகவைத்த கொள்ளையும் வெல்லம், உப்பு சேர்த்துப் பிசைந்து, தேங்காய் அளவுக்கும் பெரிதாக உருட்டி, பாகன் ஒரு சத்தம் கொடுப்பார். யானை துதிக்கையைத் தூக்கி வாயைத் திறக்கும். அவர் மணிக்கட்டு வரைக்கும் கையை உள்ளே விட்டு உருண்டையை நாக்கின் மேல் வைத்துவிட்டு, நிதானமாகக் கையை எடுப்பார், அவசரமே இருக்காது. அந்தக் கைக்கும் அந்த வாய்க்கும் நடுவில் எத்தனை வருஷப் பழக்கம் இருக்கிறது! மழையோ வெயிலோ, மாயாற்றில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டுவது, ராத்திரி காட்டுக்குள் மேயப் போனதைக் காலையில் தடம் பார்த்துத் தேடிக் கூட்டி வருவது, எல்லாம் அதில் அடக்கம்.

இதே முகாமில் கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் எனக்குப் பிடித்ததற்குக் காரணமும் இதுதான். மின்சாரம் தாக்கித் தாய் செத்துப்போன குட்டி ரகுவை எடுத்து வளர்த்த பொம்மனும் பெள்ளியும் அதில் பெயரோடு, சொந்தக் குரலில் பேசுகிறார்கள். பால் புகட்டுகிறார்கள், கொஞ்சுகிறார்கள், கண்டிக்கிறார்கள். அப்புறம் ரகுவை வேறொரு பாகனிடம் ஒப்படைக்கச் சொல்லும்போது அவர்கள் முகம் போகிற போக்கு இருக்கிறதே, எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். 2023 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்ததும், தெப்பக்காட்டிலும் ஆனைமலையில் இருக்கும் கோழிக்கமுத்தி முகாமிலும் வேலை செய்யும் 91 பாகன்கள், காவடிகளுக்குத் தமிழக அரசு ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் அறிவித்தது. காவடி என்றால் பாகனுக்கு உதவியாக இருப்பவர். அந்தச் சொல்லே வெளியூர்க்காரர்கள் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். இனி யானை, ஜல்லிக்கட்டுக் காளை, வண்டி மாடு, எதன் படமாக இருந்தாலும், கூட நிற்பவரின் பெயர், விலங்கின் பெயர், எத்தனை வருஷமாக ஒன்றாக இருக்கிறார்கள் என்பது, இவ்வளவையும் புகைப்படக்காரரைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தன் பெயர் வேண்டாம் என்று கூட நிற்பவரே சொன்னால் அது வேறு. போன வாரப் படத்தில் இருக்கும் பெரியவரின் பெயரையும் விசாரித்து அடுத்த ஞாயிறு போடுங்கள். பீரோவில் ஒட்டிய படத்துக்குக் கீழே எழுத மகள் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்