ஆறு மணி நேரத்துக்கு 300 பவுண்டு

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பேரனுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இங்கே சரோஜாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் காலையில் பேப்பர் என் கைக்கு வருவதே இல்லை.

அப்புறம், அவன் பாடத்தில் வரும் லாக், மாண்டெஸ்க்யூ மாதிரி பழைய அரசியல் தத்துவவாதிகள் எல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எழுதியிருந்தாய். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹக்கிள் வழக்கை உனக்கு நினைவுபடுத்துகிறேன்.

1763 ஏப்ரலில் லண்டனில் ஜான் வில்க்ஸின் 'நார்த் பிரிட்டன்' பத்திரிகையின் 45ஆம் இதழ் மன்னரின் உரையைத் தாக்கி எழுதியது. வில்க்ஸ் ஒன்றும் உத்தமர் இல்லை, ஊதாரி. அது கிடக்கட்டும். அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் ஒரு வாரண்ட் கொடுத்தார். எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் எல்லோரையும் பிடி என்று இருந்ததே தவிர, அதில் ஒரு பெயர்கூடக் கிடையாது. 49 பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர்தான் ஹக்கிள், லீச் என்பவருடைய அச்சகத்துத் தொழிலாளி. வாரச் சம்பளம் ஒரு கினி, அதாவது ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம். வேடிக்கை என்னவென்றால், அந்த இதழ் லீச்சின் அச்சகத்தில் அச்சாகவே இல்லை.

சுமார் ஆறு மணி நேரம் காவலில் வைத்திருந்தார்கள். அடி உதை எதுவும் இல்லை. மாட்டிறைச்சி வறுவலும் பீரும் வாங்கிக் கொடுத்து மரியாதையாகவே நடத்தினார்களாம். வெளியே வந்தவர் வழக்குப் போட்டார். வழக்கைக் கேட்ட பொதுமக்கள் குழுவான ஜூரி 300 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. கிட்டத்தட்ட ஐந்தரை வருஷச் சம்பளம்! தொகை அதிகம் என்று அரசுத் தரப்பு முறையிட்டது. நீதிபதி பிராட் குறைக்க மறுத்துவிட்டார். உடலுக்கு நேர்ந்த தொல்லைக்கு மட்டும் என்றால் 20 பவுண்டு போதும்தான்; ஆனால் பெயரில்லாத வாரண்டோடு ஒருவன் வீட்டுக்குள் நுழைவது ஸ்பெயினின் மத விசாரணையைவிட மோசம் என்றார்.

இரண்டு வருஷம் கழித்து, ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வழக்கிலும் அதே பிராட்தான் நீதிபதி, அப்போது கேம்டன் பிரபு ஆகியிருந்தார். என்டிக்கின் வீட்டில் நாலு மணி நேரம் பெட்டிகளை உடைத்துக் காகிதங்களை வாரிக்கொண்டு போயிருந்தார்கள். அரசுக்கு அவசியம், காலங்காலமாகச் செய்கிறோம் என்று வாதாடினார்கள். 'இது சட்டம் என்றால் நம் புத்தகங்களில் இருக்கும். அங்கே இல்லையென்றால் இது சட்டமே இல்லை' என்றார் கேம்டன். மனிதர்கள் சமூகமாகச் சேர்ந்ததே தங்கள் உடைமையைக் காத்துக்கொள்ளத்தான் என்றும் அதே தீர்ப்பில் சொன்னார். அப்பட்டமான லாக்! லாக் அதை எழுதி முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. நியாயமில்லாத சோதனைகளைத் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நாலாவது திருத்தத்துக்குப் பின்னாலும் இந்த வழக்குகள்தான் நிற்கின்றன. நம் அரசியலமைப்பில் அப்படி ஒரு பிரிவு இல்லாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எனக்கு இதில் பிராட்டைவிட அந்த ஜூரியைத்தான் பிடிக்கிறது. ஒரு கினிக் கூலிக்காரனின் ஆறு மணி நேரத்துக்கு அமைச்சருக்கு உறைக்கிற மாதிரி விலை வைத்தவர்கள் அவர்கள். நம் ஊரில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி என்பதே போய்விட்டது. போனது நல்லதுதான் என்று நீ எப்போதும் சொல்வாய். இந்த வழக்குக்குப் பிறகும் அப்படித்தான் நினைக்கிறாயா? விவரமாக எழுது. பேரனிடமும் கேள்.

அன்புடன்,
கணேசன்