ஆறு இருக்கை அறையும் உம்மாவின் கத்தரிக்காயும்

மதுரை,
ஆடி மாதம்

அன்புள்ள சாகுல்,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் பதினோரு மாதங்களைக் கடத்திவிட்டேன். உன் பேரன் பிறந்த செய்தி கிடைத்தது. வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியை எடுத்த இரண்டு முறையும் வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. ராத்தாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததா? இங்கே எல்லோரும் நலம். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை.

இந்தக் கடிதம் கமலாவின் கட்டளையால் எழுதப்படுகிறது. அவள் உன்னிடம் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால், அவளிடம் சொல்லாத சில விஷயங்களை உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஆகவே இதைப் படித்ததும் கிழித்துவிடு. அந்த மிலிட்டரி வார்டனின் கடிதத்தைப் பத்திரப்படுத்தியதைப் போல இதையும் பத்திரப்படுத்தி வைக்காதே.

மே மாதம் மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது, வழியில் டோக்கியோவில் நான்கு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று முடிவாயிற்று. நியூயார்க்கிலிருந்து டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்துக்கு ஜப்பான் ஏர்லைன்ஸில் எங்கள் இருவருக்கும் சாதாரண வகுப்பில் இடம் போட்டிருந்தது. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, மகள் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த மைல்களுக்கு அதே விமானத்தின் முதல் வகுப்பில் ஓர் இருக்கை திறந்தது. ஒன்றே ஒன்று. அம்மாவா அப்பாவா என்று அவள் கேட்டபோது, நான் எதுவும் பேசாமல் எழுந்து நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்து திரும்பினேன். உனக்குத் தெரியாத இடுப்பு வலியா? விடுதியில் தண்ணீர்க் குடம் தூக்கும் முறை வரும்போதெல்லாம் வந்த அதே வலிதான். “அவர் இடுப்போடு பதினாலு மணி நேரம் உட்கார முடியாது, அவரையே அனுப்பு” என்று கமலா சொன்னாள். அந்த வாரம் எனக்கு இடுப்பில் ஒரு சிறு பிடிப்புகூட இல்லை, சாகுல்.

அந்த அறையைப் பற்றி உனக்கு எப்படிச் சொல்வேன்! 2024 ஜனவரியில் முதன்முதலாக இந்த நியூயார்க் தடத்தில்தான் அவர்கள் ஏ350-1000 என்ற பெரிய விமானத்தை விட்டார்கள். மற்ற கம்பெனிகள் பல முந்நூறுக்கு மேற்பட்டவர்களை ஏற்றுகிற அந்த விமானத்தில் இவர்கள் மொத்தம் 239 பேரைத்தான் ஏற்றுகிறார்கள்; அதிலும் முதல் வகுப்பில் ஆறே பேர். ஒரு வரிசைக்கு மூன்று, அப்படி இரண்டு வரிசைகள், ஒவ்வோர் இருக்கைக்கும் சுவரும் கதவும் உண்டு. தலைக்கு மேலே பெட்டி அடுக்கும் தட்டே கிடையாது. உனக்கென்று ஒரு அலமாரி இருக்கிறது, சட்டையை அதில் மாட்டிவிட்டு அவர்கள் தருகிற இரவு உடைக்கு மாறிக்கொள்ளலாம். காதில் எதையும் மாட்டாமலேயே இருக்கையின் தலைப்பக்கத்திலிருந்து பாட்டுக் கேட்கிறது, பக்கத்து அறைக்காரருக்குக் கேட்பதில்லை. இருக்கை என்று நான் சொல்வதே தவறு. அது நம் வீட்டுத் திண்ணையில் பாதி. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். இரண்டு பேர் என்று எழுதும்போது என் கை தயங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்.

பணிப்பெண் என்னிடம் பேச வந்தபோதெல்லாம் தரையில் மண்டியிட்டு, என் கண்மட்டத்துக்கு இறங்கிய பிறகே பேசினாள். முதல் முறை நான் பதறிப் போய் எழுந்துவிட்டேன், அவளும் எழுந்துவிட்டாள், நான் உட்கார, அவளும் மறுபடி மண்டியிட்டாள். இந்த நாடகம் இரண்டு முறை நடந்த பிறகு நான் தோற்றுப்போனேன். மது வேண்டாம் என்றதும் அவள் முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. ஒயின் போத்தலில் அடைத்த தேநீரைக் கொண்டுவந்து, அடியில் காம்பு நீண்ட கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினாள். கையால் பறித்த இலைகளைக் கொதிநீர் காட்டாமல் குளிர்ந்த நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து எடுக்கிறார்களாம். நீ இருந்திருந்தால் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நம் கல்லூரி வாசல் டீக்கடைக்காரரைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாய்.

சோறு வந்தது. அதை எங்கிருந்தோ பொங்கிக் கொண்டுவந்து சூடாக்கித் தருவதில்லை, விமானத்திலேயே பொங்குகிறார்கள். இதில் உனக்குப் புரியும்படியான ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த விமானம் எத்தனை உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை ஏறக்குறைய 6,000 அடி மலையில் இருப்பதைப் போல வைத்திருக்கிறார்கள். 6,000 அடி என்றால் குன்னூர். குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், அரிசி பாட்டுக்கு அரிசியாகவே கிடக்கும் என்பதை இயற்பியல் படித்த நாம் நான்கு பேரும் 1979இல் பசியோடு கண்டுபிடித்தோமே, அதே குன்னூர். ஜப்பான்காரர்கள் அதற்கென்றே தோதான பாத்திரத்தை வைத்துக்கொண்டு மல்லிகை மொட்டுப் போல எடுத்துத் தருகிறார்கள். நம்மிடம் இருந்ததோ ஓர் அலுமினியச் சட்டியும் உன் பிடிவாதமும்தான். அன்று அந்த அரை வேக்காட்டுச் சோற்றை இறக்கியது எது என்று நினைவிருக்கிறதா? உன் பையின் அடியில் உம்மா பொதிந்து வைத்திருந்த மாசிக் கருவாட்டுச் சம்பல்.

அதற்குத்தான் வருகிறேன். சோற்றோடு ஒரு மூடிபோட்ட கறுப்புக் கிண்ணம் வந்தது. மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. சாகுல், உன் காயல்பட்டினத்து வீட்டின் பின்கட்டு அப்படியே என் மூக்கில் ஏறியது. மாசி! உரலில் உம்மா இடிக்கும்போது எழும் அந்தப் புகையும் கடலும் கலந்த வாசனை. கிண்ணத்தில் இருந்ததோ தெளிந்த நீர், ஒரு துண்டு மீன், ஒரு கீரை இலை, அவ்வளவுதான்.

பணிப்பெண்ணை அழைத்துக் கேட்டேன். அந்தச் சாற்றுக்குத் தாஷி என்று பெயர். கொம்பு என்ற கடற்பாசியையும், கட்சுவோபுஷி என்பதையும் வெந்நீரில் சிறிது நேரம் இட்டு எடுப்பது. கட்சுவோ என்றால் வேறொன்றும் இல்லை, நம் சூரை மீன். அதை அவித்து, புகையில் மாற்றி மாற்றி வாட்டி, உலர்த்தி, பிறகு பூஞ்சை படரவிட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தால் விறகுக்கட்டை போல இறுகிவிடுகிறது. தச்சரின் இழைப்புளி போன்ற பெட்டியில் சீவி எடுக்கிறார்கள். பூஞ்சையை விட்டுவிட்டால் மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் மாசி செய்யும் அதே முறைதானே இது! இபின் பதூதா 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் இருந்தபோதே இந்த மீனைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். உன் பாட்டனார் தோணியில் கொண்டுவந்த சரக்கு, பசிபிக் கடலுக்கு மேலே தங்க ஓரம் போட்ட கிண்ணத்தில் என் முன்னால் இருக்கிறது.

இதன் சூட்சுமத்தையும் கேள். 1908இல் இக்கேதா என்ற வேதியியலார் கொம்புப் பாசியின் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவர் மாணவர் கொடாமா, சூரைக் கட்டையில் இருப்பது இனோசினேட் என்று கண்டார். இரண்டும் சேர்ந்தால் சுவை பல மடங்காகிவிடும். விமானத்தின் வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகிவிடும். உமாமி மட்டும் அவ்வளவாக மங்குவதில்லை. அதனால்தான் ஆகாயத்தில் அந்தச் சாறு அப்படி இருந்தது. அதனால் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. கமலா சைவம் என்பதால், கல்யாணமான இந்த முப்பத்தெட்டு வருடங்களில் எங்கள் வீட்டுக்குள் அந்த வாசனை ஒருநாளும் நுழைந்ததில்லை. உன் வீட்டுக்கு வரும் இரண்டு நாட்களில்தான் எனக்கு அது கிடைக்கும். நான் மூன்று கிண்ணம் குடித்தேன். மூன்றாவது கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

பிறகு படுக்கை விரித்தார்கள். வெளியே சூரியன் எங்களோடு கூடவே மேற்கே வந்துகொண்டிருந்தது. ஜன்னல்களை மூடி உள்ளே இரவு செய்துவிட்டார்கள். உம்மா, குன்னூர், மழை, உன் வாப்பா நமக்குப் பணம் தந்து அனுப்பியது என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். திடுக்கிட்டு விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏறியதிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நேரம் முழுவதும் கமலா அதே விமானத்தில் இருக்கிறாள் என்பதை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. இடுப்பு வலிப் பொய்யைக்கூட என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது, இதை முடியவில்லை.

அப்போது மனம் போக்கிரியாகிவிட்டது. இந்தக் கம்பெனியின் ஜம்போ விமானம் 1985 ஆகஸ்ட் 12 அன்று மலையில் மோதி 520 பேர் இறந்ததும், ஹனேடாவில் அதன் சிதைந்த பாகங்களை ஒரு கூடத்தில் வைத்து ஊழியர்களுக்குக் காட்டுகிறார்கள் என்று எப்போதோ படித்ததும் நினைவுக்கு வந்தன. 2024 ஜனவரி 2 அன்று அதே ஹனேடாவில், இறங்கிய இவர்களுடைய விமானம் கடலோரக் காவல் படையின் விமானத்தோடு மோதித் தீப்பிடித்தபோது, சிறிய விமானத்தில் இருந்த ஐந்து பேர் இறந்தார்கள். ஆனால் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு வெளியேறிவிட்டார்கள். எட்டு வாசல்களில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. ஒலிபெருக்கி அமைப்பு வேலை செய்யாமல் பணிப்பெண்கள் தொண்டையால் கத்தியே ஆட்களை இறக்கினார்கள். எனக்குத் தேநீர் ஊற்ற மண்டியிட்டவளும் அப்படிக் கத்தப் பழகியவள்தான் என்று தோன்றியதும், அவள் மண்டியிடுவது எனக்கு வேறு மாதிரியாகப் பட்டது. ஆனால் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது வேறு கணக்கு. முன்வாசல் எனக்குப் பக்கத்தில் இருக்கிறது. கமலா வால்பக்கத்தில் இருக்கிறாள்.

இரவு உடையோடும் துணிச் செருப்போடும் பின்னால் நடந்தேன். 54 பேர் இருக்கும் வகுப்பைக் கடந்து, 24 பேர் இருக்கும் வகுப்பைக் கடந்து, 155 பேர் இருக்கும் வகுப்புக்குள் போனேன். இருட்டில் எல்லாத் தலைகளும் ஒன்று போல் இருந்தன. மூன்று பேர் இருக்கையின் ஓரத்தில், கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு, வாயைச் சிறிது திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஜப்பானியப் பாட்டி விழித்திருந்தார். என் உடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விஷயம் புரிந்து தலையை மட்டும் அசைத்தார். அந்தத் தலையசைப்பில் இருந்தது மரியாதையா வேறேதாவதா என்று இன்றுவரை யோசிக்கிறேன். எழுப்ப மனம் வரவில்லை. எழுப்பி என்ன சொல்வது? அவளை முன்னால் அழைத்துப் போகவும் அனுமதி கிடையாது. சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். திரும்பி வந்து, வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு கிண்ணம் உடோன், அதாவது தடித்த கோதுமை நூடுல்ஸ், வாங்கிச் சாப்பிட்டேன். அதிலும் தாஷிதான்.

ஹனேடாவில் இறங்கியதும் “இடுப்பு எப்படி?” என்பதுதான் அவள் முதல் கேள்வி. “பரவாயில்லை, ஏதோ கொஞ்சம் பெரிய இருக்கை” என்றேன்.

இனி அவள் கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் நாள் டோக்கியோவில் ஒரு சிறிய கடையில், காய்கறி மட்டும் போட்ட உடோன் என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டி வாங்கினோம். கிண்ணம் வந்ததும் எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. அவள் பீங்கான் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறாள். பேசாமல் இருந்தால் அவள் குடித்துவிடுவாள்; பேசினால் நான் மாட்டிக்கொள்வேன். “வேண்டாம் கமலா, இதில் மீன் சாறு இருக்கிறது” என்றேன். கரண்டியை வைத்துவிட்டாள். துண்டு மீனோ முள்ளோ கண்ணில் படாத தண்ணீரில் மீன் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். “சாகுல் வீட்டு வாசனை” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து இதே பேச்சு. 1987இல், எங்கள் கல்யாணம் முடிந்த மறுமாதம், உம்மா எங்களை விருந்துக்கு அழைத்து, அவளுக்கென்று புதுப் பாத்திரங்கள் வாங்கித் தனியாகச் சமைத்துப் போட்டார்களே, அந்தக் கத்தரிக்காய்க் கறியை இவள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இன்றுவரை அதைப் போல் செய்யப் பார்த்து, ஏதோ ஒன்று குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். குறைந்தது எது என்று இப்போது அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோபமில்லை, உம்மாவின் மேல் அவளுக்கு எந்தக் காலத்திலும் கோபம் வராது. தெரிந்தாக வேண்டும் என்கிறாள், அவ்வளவுதான். “சாகுல் அண்ணனுக்கு எழுதிக் கேளுங்கள், அவர் பொய் சொல்லமாட்டார்” என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஆகவே ராத்தாவிடம் கேள். அன்று அடுப்படியில் கூட இருந்தது அவர்தான், அவருக்கு மறந்திருக்காது. பதில் கடிதத்தைக் கமலாதான் பிரிப்பாள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுது. அதில் மாசி இல்லை என்றே இருக்கட்டும், என் இடுப்பைப் பற்றி நாலு வரி கவலையும் சேர்த்துக்கொள். உண்மையில் போட்டார்களா இல்லையா என்பதை, நான் அடுத்த மாதம் அங்கே வரும்போது, பின்கட்டில் வைத்து எனக்கு மட்டும் சொல். சம்பல் இடித்து வைக்கச் சொல்.

என்றும் உன்,
ராமு