அவசரத்துக்கு எடுக்கும் இன்ஹேலரில் டோஸ் கவுண்டர் இல்லை: புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் நிறுவனத்தின் இன்ஹேலர்களைப் பயன்படுத்தும் நோயாளி ஒருவரின் மகள்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சால்பூட்டமால் இன்ஹேலரில் டோஸ் கவுண்டர் இல்லாதது, அது பற்றித் தங்கள் உதவி எண்ணில் தரப்பட்ட தவறான ஆலோசனை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

என் அம்மாவுக்குப் பல வருடங்களாக ஆஸ்துமா. தங்கள் நிறுவனத்தின் இரண்டு இன்ஹேலர்கள் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். ஒன்று, காலையிலும் இரவிலும் தவறாமல் எடுக்கும் ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர். இன்னொன்று, மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் எடுக்கும் சால்பூட்டமால். முதலாவதன் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் வைத்து, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எண் குறைந்துகொண்டே வரும்படி செய்திருக்கிறீர்கள். இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை. என் புகார் இதுதான்.

எதில் கவுண்டர் மிகவும் தேவையோ அதை விட்டுவிட்டு மற்றதில் வைத்திருக்கிறீர்கள். தடுப்பு இன்ஹேலரை வேளைக்கு 2 பஃப் (ஒரு பஃப் என்பது ஒரு அழுத்தல்) வீதம் தினம் இருவேளை எடுத்தால், 120 டோஸ் உள்ள குப்பி 30 நாள் வரும். திறந்த தேதியை அட்டைப்பெட்டி மேல் குறித்து வைத்தாலே போதும், எப்போது தீரும் என்று தெரிந்துவிடும். சால்பூட்டமாலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சில வாரங்களில் அதைத் தொடவே வேண்டியிருக்காது. சளி பிடித்துவிட்டால் ஒரே நாளில் பல முறை எடுக்க வேண்டியிருக்கும். லேசாகவோ மிதமாகவோ இளைப்பு கூடினால், ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய் போன்ற அறை) வழியாக 20 நிமிடத்துக்கு ஒரு முறை 4 முதல் 10 பஃப் வரை முதல் ஒரு மணி நேரத்துக்குத் தரலாம் என்று ஜினா எனப்படும் சர்வதேச ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது. எதிரில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது யாரால் எண்ணிக்கொண்டிருக்க முடியும்?

கடந்த மாதம் ஒரு பின்னிரவில் அம்மாவுக்கு இளைப்பு அதிகமானது. நிமிர்ந்து உட்காரவைத்து, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்திக் கொடுத்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் வழக்கமான அதே 'புஸ்' சத்தம் வந்தது. ஸ்பேசருக்குள் வெள்ளையாகப் புகை நிறைவதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நெஞ்சில் விசில் சத்தம் குறையவே இல்லை. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல், இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார். நல்லவேளையாக, புது இன்ஹேலர் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். அதைப் பிரித்து, முதலில் சில முறை காற்றில் அடித்துவிட்டுக் கொடுத்தேன். சில நிமிடங்களிலேயே இளைப்பு தணியத் தொடங்கியது. மறுநாள் மருத்துவர் இரண்டு இன்ஹேலர்களையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பழையதில் மருந்து தீர்ந்திருக்க வேண்டும் என்றார்.

இது எப்படி நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கே நன்றாகத் தெரியும். அட்டையில் போட்டிருக்கும் 200 டோஸும் சரியாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் குப்பியில் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்புகிறீர்கள். அதனால் 200-ஐத் தாண்டிய பிறகும், மருந்தை வெளியே தள்ளும் உந்து வாயு வந்துகொண்டே இருக்கும். ஆனால் அதில் மருந்து ஒரு முறை வரும், ஒரு முறை வராது. சத்தம், புகை, தொண்டையில் படும் குளிர்ச்சி எல்லாம் அப்படியே இருக்கும்போது, உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று நோயாளி எதை வைத்துத் தெரிந்துகொள்வார்?

இந்தக் கேள்வியைத்தான் தங்கள் உதவி எண்ணில் கேட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன பதில் என்னைத் திகைக்க வைத்தது: "குலுக்கிப் பாருங்கள் மேடம், இல்லாவிட்டால் உலோகக் குப்பியை மட்டும் கழற்றித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்."

இது ஆபத்தான ஆலோசனை. குலுக்கினால் உள்ளே திரவம் அசைவது தெரியும், அவ்வளவுதான். அது மருந்தா, வெறும் உந்து வாயுவா என்று கைக்குத் தெரியாது. மிதக்கிறதா என்று பார்ப்பதும் நம்பத்தகுந்த சோதனை இல்லை. போதாக்குறைக்குக் குப்பியின் வால்வில் தண்ணீர் புகுந்தால் அடுத்த டோஸ்களும் சரியாக வராது. பிளாஸ்டிக் உறையை மட்டும்தான் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும், உலோகக் குப்பியைத் தண்ணீரில் போடக் கூடாது என்று உங்கள் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே இருக்கிறது. (அந்த எழுத்தின் அளவைப் பார்த்தால், அம்மா வயதில் உள்ள யாரும் படிப்பார்கள் என்று நீங்கள் எதிர்பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.) உங்கள் தாள் ஒன்று சொல்ல, உங்கள் ஊழியர் அதற்கு நேர் எதிராகச் சொல்வது எப்படி?

அப்புறம் மின்னஞ்சலும் அனுப்பினேன். "எத்தனை டோஸ் பயன்படுத்தினீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளவும்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கைப்பையில் ஒரு இன்ஹேலர், தலைமாட்டில் ஒரு இன்ஹேலர் என்று வைத்திருப்பவர்கள், மாடிப்படி ஏறுவதற்கு முன் ஒன்று, நள்ளிரவில் ஒன்று என்று எடுப்பவர்கள், எல்லாவற்றையும் மாதக்கணக்கில் எழுதி வைப்பார்களா? இரண்டு வாரம் தொடாமல் இருந்தாலே திரும்பவும் காற்றில் அடித்துத் தயார்செய்யச் சொல்கிறீர்கள். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நோயாளியிடம் இவ்வளவு எதிர்பார்க்கும் நீங்கள், சின்ன எண் சக்கரம் ஒன்றை வைக்க ஏன் தயங்குகிறீர்கள்?

தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த வகை இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது 1956-இல். புதிதாக வருபவற்றில் டோஸ் கவுண்டர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2003-லேயே பரிந்துரைத்துவிட்டது. அவ்வளவு ஏன், உங்கள் தடுப்பு இன்ஹேலரிலேயே அது ஒழுங்காக வேலை செய்கிறது.

தீர்ந்துபோனதைக் காட்டுவது மட்டும் அதன் பயன் இல்லை. சால்பூட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தும். உள்ளே இருக்கும் அழற்சியைக் குறைக்காது. அதனால் அது அதிகம் தேவைப்பட ஆரம்பித்தாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். வருடத்துக்கு 200 டோஸ் குப்பிகள் மூன்றோ அதற்கு மேலோ செலவானால் கடுமையான தாக்குதலுக்கான அபாயம் கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். "போன மாதத்திலிருந்து எத்தனை பஃப் எடுத்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டால், அம்மா சொல்வதெல்லாம் ஒரு உத்தேசக் கணக்கு. கவுண்டர் இருந்தால் எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

உங்கள் மருந்தின் மேல் எனக்குக் குறை இல்லை. அது அம்மாவைப் பல இரவுகளில் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான், உள்ளே மருந்து இருக்கிறதா என்று தெரியாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது என்று வற்புறுத்திக் கேட்கிறேன்.

சால்பூட்டமால் இன்ஹேலரில் கவுண்டர் எப்போது வரும் என்று தேதியோடு தெரிவியுங்கள். அது வரும்வரை, 200-க்குப் பிறகு புகை வந்தாலும் மருந்து இருக்கும் என்று நம்பக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பெட்டியின் வெளிப்புறத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வதை உதவி எண்ணில் இன்றே நிறுத்துங்கள். என்னிடம் சொன்னது போல் வேறு யாரிடமெல்லாம் சொன்னார்கள் என்று பார்த்து அவர்களையும் தொடர்புகொள்ளுங்கள். அந்தப் பழைய இன்ஹேலரைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன். பரிசோதிக்க விரும்பினால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முடிவை எனக்கு எழுத்தில் தர வேண்டும். பெட்டியின் பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியும் படங்களையும், தங்கள் மின்னஞ்சல் பதிலின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

30 நாட்களுக்குள் பொறுப்பான அதிகாரி ஒருவரிடமிருந்து பதில் வராவிட்டால், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இதே புகாரைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்