பொருளடக்கத்தை வரிசைப்படுத்திக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். கொலுசுப் பட்டறைகளுக்கான நம் கணக்கு மென்பொருளின் கையேடு, புதிய பொருளடக்கத்தோடு தளத்தில் ஏறிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் “புதுசா என்னென்ன எழுதினீங்க?” என்று கேட்கிறார்கள். எழுதியது கொஞ்சம்தான். பக்கங்களில் பெரும்பாலானவை முன்பு இருந்தவையே. இடது பக்கத்துப் பட்டியல்தான் அடியோடு மாறியிருக்கிறது. அதை மாற்றிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இந்த மென்பொருளில் ஒரு வரி நிரல்கூட எழுதாதவர்கள். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரையும் வேலையையும் மட்டும் குறிப்பிடுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையில் கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு. தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்கார்ந்து நாள் முழுக்க வரவும் பற்றும் எழுதுகிறவர். அவர் என்ன செய்து கொடுத்தார் என்று புரிய, வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலத்துப் பட்டறைக் கணக்கு பணத்தில் மட்டும் ஓடுவதில்லை, வெள்ளியிலும் ஓடுகிறது. டச் என்பது நூறில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்கிற அளவு. 80 டச் வெள்ளி 1000 கிராம் வந்தால், ஏட்டில் 800 கிராம் சுத்த வெள்ளி என்றுதான் வரவு. வருகிற வெள்ளி ஒரு டச்சில் இருக்கும், போகிற கொலுசு இன்னொரு டச்சில் இருக்கும். நடுவில் சேதாரம், கூலி. ஆக, டச் என்கிற அந்த ஓர் எண்ணில் ஒரு புள்ளி பிசகினாலும் மாதக் கடைசியில் யாரோ ஒருவருக்கு வெள்ளி குறையும்.

பழைய பொருளடக்கம் மென்பொருளின் மெனுவை அப்படியே பார்த்து எழுதியது: முதன்மைப் பதிவுகள், பரிவர்த்தனைகள், அறிக்கைகள், அமைப்புகள், கருவிகள். உலகத்தில் பாதிக் கையேடுகள் இப்படித்தான் இருக்கின்றன. எழுதுகிறவர் மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வருவார், அவருக்கு அது வசதி. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பட்டறைத் தரையில் பரப்பி, “உங்களுக்கு எது எதோட சேரும்னு தோணுதோ அப்படி அடுக்குங்க அக்கா” என்று கேட்டோம். மென்பொருள்காரர்கள் இதைக் கார்டு சார்ட்டிங் என்பார்கள். சாப்பாட்டு நேரம் முழுவதையும் அதற்கே கொடுத்தார்.

‘டச் அட்டவணையை மாற்றுதல்’ என்ற சீட்டு எங்களுக்கு ‘அமைப்புகள்’ பகுதியில் இருந்தது. அக்கா அதை எடுத்து ‘வெள்ளி வரவு’ சீட்டுக்குக் கீழே வைத்தார். நம் நிரலாளர் தம்பி, “அக்கா, அது செட்டிங்ஸ்லதானே இருக்கு” என்றான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அது எங்க வேணா இருக்கட்டும் கண்ணு. வெள்ளி வந்து எறங்கறப்பதான் எனக்கு அது வேணும்.” இந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் பழைய ஐந்து தலைப்புகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் அடுக்கி முடித்தபோது தரையில் கிடந்த குவியல்களுக்கு அவரே பெயரும் சொன்னார்: வெள்ளி வந்தால், வேலைக்குக் கொடுத்தால், சரக்கு திரும்பி வந்தால், வியாபாரிக்கு அனுப்பினால், கணக்கு நேராகாவிட்டால். பின்னால் மாறிய ஒன்றைத் தவிர, இன்று தளத்தில் இருக்கிற தலைப்புகள் இவைதான். எழுத்துத் தமிழுக்கு மாற்றியது மட்டும் எங்கள் வேலை.

‘கணக்கு நேராகாவிட்டால்’ என்ற பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். எடை வித்தியாசம், டச் மாற்றிப் போட்டது, ஒரே சீட்டு இரண்டு முறை ஏறியது, நேற்றைய பதிவைத் திருத்துவது என்று அதில் உள்ள பக்கங்கள் எல்லாம் முன்பும் கையேட்டில் இருந்தன, ஆளுக்கொரு மூலையில். கணக்கு இடிக்கும்போது எந்த மூலையில் தேடுவது என்று தெரிந்தவருக்குக் கையேடே தேவைப்படாது! ஐந்து குவியல்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அடுத்து, அஸ்தம்பட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற நூலகர் ஐயாவுக்கு. அவரிடம் நாங்கள் கொண்டுபோனது ஒரு சண்டையை. ‘சேதாரம் கணக்கிடுதல்’ பக்கம் வேலைக்குக் கொடுக்கும்போதும் வேண்டும், சரக்கு திரும்பும்போதும் வேண்டும். இரண்டு இடத்திலும் போட்டுவிடலாம் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. ஐயா சிரித்துக்கொண்டே, “புத்தகம் ஒரு அலமாரியிலதான் நிக்கும். கேட்டலாக்ல எத்தனை இடத்துல வேணாலும் ‘காண்க’ போடலாம்” என்றார். அப்புறம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் புத்தகமாகக் கொண்டுவந்த ஐந்து நூலக விதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் மாலை வரை நிறுத்தவில்லை. நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எங்கள் சண்டைக்குத் தீர்ப்பு அதில் இருந்தது.

கருவியும் ஐயாவின் பக்கம்தான். நாங்கள் பயன்படுத்துவது ஸ்பிங்க்ஸ், எழுதிய கோப்புகளைக் கோத்துத் தளமாக்கித் தரும் மென்பொருள். பைத்தான் நிரல் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் எழுதி 2008இல் வெளியிட்டது. அதில் ‘டாக்ட்ரீ’ என்ற கட்டளைக்குக் கீழே எந்தக் கோப்புக்கு அடுத்து எந்தக் கோப்பு என்று எழுதுகிறோமே, அந்த வரிசையை வைத்துத்தான் பக்கத்தின் அடியில் ‘முந்தையது’, ‘அடுத்தது’ பொத்தான்கள் வருகின்றன. ஒரே கோப்பை இரண்டு இடத்தில் சேர்த்தால் ‘அடுத்தது’ எங்கே கூட்டிப்போகும்? ஏதோ ஒரு இடத்துக்கு, வாசகர் வந்த வழி அதுவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆகவே இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே வீடு. மற்ற இடங்களில் ஒரு ‘காண்க’ வரி. எந்தப் பட்டியலிலும் சேராமல் அநாதையாக நிற்கும் பக்கத்தை ஸ்பிங்க்ஸே எச்சரிக்கை போட்டுக் காட்டிக் கொடுக்கும். அந்த எச்சரிக்கைகளைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டோம். இனி அநாதைப் பக்கத்தோடு தளம் ஏறாது.

ஃபேர்லண்ட்ஸில் இருந்து வீட்டிலேயே வேலை பார்க்கும் ஆவணப் பொறியாளர் ஒருவர் டயடாக்சிஸ் முறையை அறிமுகப்படுத்தினார். டானியேலே புரோசிடா வகுத்தது. கற்றுக்கொள்வதற்கான பாடம், ஒரு வேலையை முடிப்பதற்கான வழிகாட்டி, தேடிப் பார்ப்பதற்கான தகவல், புரிந்துகொள்வதற்கான விளக்கம் என்று ஆவணங்களை நான்காகப் பிரிக்கும். நல்ல முறை. ஆனால் அந்த நான்கையே பெரிய தலைப்புகளாக வைப்போம் என்றவர்களோடு நான் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பட்டறையில் கையேட்டைத் திறக்கிறவர் ‘எனக்கு இப்போது விளக்கம் வேண்டுமா, வழிகாட்டி வேண்டுமா’ என்று யோசித்துக்கொண்டு திறப்பதில்லை. நான்கு காலிப் பெட்டிகளை முதலில் செய்து வைத்துவிட்டு நிரப்பப் பார்க்காதீர்கள் என்று அந்த முறையே சொல்கிறது. பக்கங்களின் உள்ளே அது பெரிய உதவி. ‘வெள்ளி வரவு’ பக்கத்தில் வழிமுறையும் டச் பற்றிய நீண்ட விளக்கமும் பின்னிக் கிடந்தன. பொறியாளர் பொறுமையாக இரண்டையும் பிரித்து எழுதிக் கொடுத்தார். வாதாடியதற்கும் சேர்த்தே நன்றி.

ஏற்காட்டில் தன் காப்பித் தோட்டத்து வீட்டுத் திண்ணையை ஒரு வாரக் கடைசிக்கு விட்டுக்கொடுத்த மாமாவுக்கும் அத்தைக்கும் நன்றி. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் நின்றபடியே கடந்து, தலை சுற்றலோடு வந்திறங்கிய பிள்ளைகளுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது அத்தை. அங்கே சிக்னல் சரியாக எட்டாதது நல்லதாகப் போயிற்று. புதிய பொருளடக்கத்தை மட்டும் தாளில் அச்சடித்து, உள்ளே ஒரு பக்கமும் கொடுக்காமல், “வியாபாரி பாதிக் கொலுசைத் திருப்பி அனுப்பிட்டார், எங்க தேடுவீங்க?” என்று ஒவ்வொருவராகக் கேட்டோம். பலரும் ‘சரக்கு திரும்பி வந்தால்’ என்பதில் விரலை வைத்தார்கள். ஆனால் அது பட்டறையில் வேலை முடிந்து திரும்பும் சரக்கு. வியாபாரி திருப்புவது வேறு கணக்கு. அதனால் அந்தத் தலைப்பு அங்கேயே ‘வேலை முடிந்து சரக்கு வந்தால்’ என்று மாறியது.

தலைப்பு ஏழுக்கு மேல் போகக் கூடாது என்று கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவர் அடித்துச் சொன்னார். ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரை, மனிதரால் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஏழு விஷயங்களைத்தான் நினைவில் வைக்க முடியும் என்று. பக்கத்தில் இருந்த பெண், “பட்டியல் கண்ணு முன்னாடியே இருக்குது, அதை எதுக்கு நினைவுல வைக்கணும்?” என்று கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது. ஆழம் எவ்வளவு என்பதில்தான் நேரம் போனது. கடைசியில் இரண்டு நிலையோடு நிறுத்தினோம். பட்டறையில் எல்லாரும் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். மூன்றாவது நிலையை விரித்தால் பக்கமே தெரியாது.

கருப்பூர்ப் பக்கம் படிக்கும் மாணவர் செய்த வேலை வெளியே தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் தலைப்பு எழுதினால் ஸ்பிங்க்ஸ் அந்தத் தலைப்பை வைத்தே முகவரியின் வாலை, அதாவது பக்கத்துக்குள் அந்தப் பகுதிக்கே நேராகக் கூட்டிப்போகும் கடைசித் துண்டை, உருவாக்கும். தமிழ் எழுத்துகளை அது அந்த வேலைக்கு எடுத்துக்கொள்வதில்லை, எல்லாவற்றையும் கழித்துவிட்டு ‘ஐடி1’, ‘ஐடி2’ என்று வரிசை எண் போட்டுவிடும். பகுதிகளை இடம் மாற்றினால் எண்ணும் மாறும். அதாவது, போன வருடம் வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பிய ‘சேதாரம்’ இணைப்பு இன்று சத்தமில்லாமல் ‘கூலி’யில் போய் நிற்கும். பிழைப் பக்கம் வந்தாலாவது தெரியும், இது தெரியவே தெரியாது. மாணவர் ஒவ்வொரு தலைப்புக்கு மேலும் நிலையான ஒரு அடையாளப் பெயரைக் கையால் எழுதி வைத்தார். பழைய பக்க முகவரியைத் திறந்தால் தானாகப் புதிய முகவரிக்குக் கூட்டிப்போகும் 301 திருப்பிவிடல் போட்டதும் அவரே. யாருடைய பழைய இணைப்பும் உடையாததற்கு அவர்தான் காரணம்.

அம்மாபேட்டைத் தமிழாசிரியை அம்மா கடைசியில் இருக்கும் சொற்பட்டியலைப் பார்த்ததுமே, “என்னப்பா இது, கடன் முன்னாடி வருது, கட்டி பின்னாடி வருது?” என்றார். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையின் எண் வரிசையில் அடுக்கினால் அப்படித்தான் வரும். அதில் புள்ளிக்கான எண் எல்லா எழுத்துக்கும் பின்னால் இருக்கிறது, னகரமோ நகரத்தை ஒட்டி நடுவிலேயே வந்துவிடுகிறது. அகராதி வரிசையில் ‘ட்’ முதலில், பிறகுதான் ‘ட’. இப்போது பட்டியல் அகராதி வரிசையில் இருக்கிறது. கட்டி முதலில், கடன் பிறகு.

அச்சுப் பிரதிக்கு உதவிய டிடிபி அண்ணனுக்கும் நன்றி. தராசுக்குப் பக்கத்தில் தாளாக வைத்துக்கொள்ளத்தான் பலருக்கும் பிடிக்கிறது. பொருளடக்கத்துக்கு எண் போடுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அவர் சொன்ன வழியைத்தான் எடுத்துக்கொண்டோம்: தாளில் 4.2 என்று எண் இருக்கட்டும், போனில் சொல்ல வசதி. தளத்தில் வேண்டாம், நடுவில் ஒரு பக்கம் சேர்ந்தால் எல்லா எண்ணும் நகர்ந்துவிடும்.

சிவதாபுரம் அண்ணன் ஒருவருக்குப் புதிய வரிசை இன்னும் பிடிக்கவில்லை. உருக்குவதற்குக் கொடுக்கும் பழைய கொலுசு ‘வெள்ளி வந்தால்’ பகுதியில் வருவது சரியில்லை, அதற்குத் தனித் தலைப்பு வேண்டும் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று செவ்வாய்ப்பேட்டை அக்காவும் இப்போது சொல்கிறார். சரி, பொங்கல் கழித்து மறுபடியும் சீட்டுகளைப் பரப்புகிறோம். அண்ணன் அவசியம் வர வேண்டும்.

அன்புடன்,
ஆவணக் குழுவின் சார்பில்,
சேலம்