பனைமரத்தின் குதிகால்

கிருஷ்ணகிரி,
ஆனி மாதம், ஞாயிறு மாலை.

அன்புள்ள பனைமரத்துக்கு,

உன் கடிதம் வந்தது. 53 வயதில் நீ உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த செய்தியை வீட்டில் படித்துக் காட்டினேன், ஒருவரும் நம்பவில்லை. பஸ்கி எடுக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, பயிற்சியாளர் அதற்கடியில் இரண்டு இரும்புத் தட்டுகளைச் செருகுகிறார், அப்படியும் முழங்கால் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். வேறு காலமாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். இப்போது எனக்கு அந்தத் தகுதி இல்லை.

சென்ற ஐப்பசியில் நிலக்கடலை பறிப்பு. ஆள் பற்றவில்லை என்று நானும் காட்டில் இறங்கினேன். அம்மாவுக்கு 78 வயது. பாதம் முழுக்க மண்ணில் படியக் குந்தி உட்கார்ந்து, செடியிலிருந்து காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நானும் குந்தினேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, கடலைக்கொடிக் குவியலில் மல்லாக்க விழுந்து கிடந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் ஊரில் அடங்கவில்லை.

பிறகு இங்கே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். முழங்காலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். பெருவிரலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். தொட முடிந்த கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. 10 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் பரவாயில்லை என்றார். எனக்கு இடது கால் 11, வலது கால் 5.

வலது ஏன் என்று உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் சையத் பாஷா மலையிலிருந்து இறங்கும்போது பிசகிய அதே கணுக்கால். நீதான் முதுகில் சுமந்துகொண்டு வந்தாய். புளியும் உப்பும் பற்றுப் போட்டு, வீக்கம் வடிந்ததும் மறந்துவிட்டோம். கால் மறக்கவில்லை. அதற்கு மேல் வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை, சாப்பிட மேசை, போக வர பைக். குந்துவதற்கு ஒரு நாளில் ஒரு சந்தர்ப்பமும் இல்லை.

குந்தும்போது முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னே போக வேண்டும். அதற்குக் கணுக்கால் மடங்கி வழிவிட வேண்டும். அது மடங்காவிட்டால் உடம்பு குறுக்குவழி தேடும். குதிகாலைத் தூக்கும், பாதத்தை உள்பக்கம் சரிக்கும், முதுகைக் கூன வைக்கும். உன் முழங்கால் வலியிலும் இதற்குப் பங்கு இருக்கலாம். தட்டு வைப்பது தப்பில்லை. பளு தூக்குபவர்களின் காலணியிலும் குதிகால் உயரமாகத்தான் இருக்கும். ஆனால் நீ அந்தக் காலணிக்குப் பணம் கட்டுவதற்கு முன் சுவரிடம் ஒருமுறை கேட்டுவிடு.

அளக்கும்போது பிடிப்பு எங்கே தெரிகிறது என்று கவனி. பின்னால் கெண்டைச்சதையில் இழுத்தால், நீட்டிப் பழகினால் வழிக்கு வரும். கணுக்காலின் முன்பக்கம் எதுவோ இடிப்பதுபோல் இருந்தால் சதையை இழுத்துப் பயனில்லை. மூட்டைப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டு. இன்னொன்று, கெண்டைக்காலில் இரண்டு தசைகள் இருக்கின்றன. மேலே உள்ளது முழங்காலையும் தாண்டிப் போவதால், காலை நேராக நீட்டினால்தான் இழுபடும். அடியில் இருப்பதற்கு முழங்காலை மடக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். பஸ்கியில் முழங்கால் மடங்கித்தானே இருக்கிறது, அதனால் இந்த இரண்டாவதை விட்டுவிடாதே. நான் பல வாரம் முதலாவதை மட்டும் இழுத்து ஏமாந்தேன்.

இப்போது காலையில் மாடிப்படி ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி அரை நிமிடம் நிற்கிறேன். காலை நீட்டி மூன்று முறை, மடக்கி மூன்று முறை. குலுக்கக் கூடாது. பிறகு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, “காசு கொடுத்து உட்காரக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான்” என்றார். நான்கு மாதத்தில் வலது கால் 5-லிருந்து எட்டரைக்கு வந்திருக்கிறது.

இதைச் சொல்லி, அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாம் இரும்பு என்று நான் பாட மாட்டேன். ஆண்டுக்கணக்கில் குந்தியே வேலை செய்தவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் வருவது உண்டு. அம்மாவும் இரவில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுக்கிறார்.

உனக்குத் தனியாக ஒன்று. தொடை எலும்பு நீளமானவர்கள் குந்தும்போது உடம்பு முன்னால் சாயத்தான் செய்யும். பக்கத்தில் பஸ்கி எடுக்கும் குள்ளனைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தப் போராடாதே. கால்களைக் கொஞ்சம் அகட்டி, விரல்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்பிப் பார். முழங்கால் வீங்கினாலோ, குத்துவதுபோல் வலித்தாலோ எடையைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் போ. என் கடிதத்தை நம்பிக்கொண்டு இருக்காதே.

செந்தூரா முடிந்துவிட்டது, மல்கோவா ஒரு பெட்டி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். மாங்கனிக் கண்காட்சிக்கு வருவதாகப் போன வருடமும் சொன்னாய். வந்தால் சையத் பாஷா மலை ஏறலாம். இறங்கும்போதுதான் கணுக்கால் நிறைய மடங்க வேண்டியிருக்கும், இந்த முறை உன்னை நான் சுமக்க முடியாது. பதில் எழுதும்போது இரண்டு காலின் அளவையும் தனித்தனியாக எழுது.

உன்,
கடலைக்கொடியில் விழுந்தவன்